சுவரைத் தட்டியவன்

“தட்டறதை நிறுத்தாதப்பா! சத்தம் கிட்ட வந்துடுச்சு!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டதும் கானியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மழையில் ஊறிக் கிடந்த மலைச்சரிவு மதியம் அப்படியே இறங்கி, அவனுடைய ஒயின் குகையின் வாசலை மூடிவிட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்ட முதல் மனிதக் குரல் இதுதான்.

முதுகுக்குப் பின்னால் பீப்பாய்களில் புதுத் திராட்சைச் சாறு புளித்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்று தரையோடு தேங்கும். அதனால்தான் அந்த ஊரில் குகைக்குள் இறங்குகிறவர்கள் மெழுகுவத்தியைத் தரையில் ஏற்றி வைப்பார்கள். சுடர் மங்கினால் போட்டது போட்டபடி ஓடிவிட வேண்டும்.

சுடர் மங்கிக்கொண்டிருந்தது. ஓடத்தான் வழியில்லை.

மெழுகுவத்தியைத் தூக்கிப் பீப்பாய் மேல் வைத்துவிட்டு, கடப்பாரையால் குரல் வந்த இடத்தில் இடித்தான். மெத்தென்ற கல், உதிர்ந்தது. குளிர்காலம் வந்தால் யாருக்கும் சொல்லாமல் குகையை இன்னும் கொஞ்சம் உள்ளே குடைந்துகொள்வது ஊரில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம். குடைந்து குடைந்து வெளியே தெரு வளைவுக்கே வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தபோது, அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“யாருப்பா அது?”

“ஜெரார்தோ! நீ யாரு?”

“கானியோடா!”

“கானியோவா! அடப்பாவி, உன்னைப் போய்க் கஞ்சப் பயன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே! என் வாயில மண்ணு விழ!”

“என் வாயிலயும்தான் மண்ணு. பேசாம இடி!”

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாலு பேர் பார்க்கச் சட்டையைப் பிடித்தவன் இந்த ஜெரார்தோ. அவனா வந்திருக்கிறான்?

“ஏய், என் பொண்டாட்டி அங்க இருக்காளா?”

“இங்க யாரும் இல்லடா. நான் ஒருத்தன்தான்.”

‘பார்த்தாயா, புருஷன் புதைந்து கிடக்கிறான், அவளுக்கு இன்னும் அடுப்படி வேலை முடியவில்லை’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஓங்கி ஓர் இடி இடித்தான்.

பின்னால் சுடர் ஒரு முறை துடித்து அணைந்தது.

இருட்டு. மூச்சை இழுத்தால் நெஞ்சில் ஊசி குத்தியது. முழங்கால் தானாக மடங்கியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு இடித்தான்.

“ஜெரார்தோ! முடியலடா!”

“அப்படிச் சொல்லாதடா! என் கையும்தான் கிழிஞ்சு தொங்குது. இன்னும் ரெண்டு போடு போடு!”

“சான் ரோக்கோ சாமி மேல சத்தியம், இனிமே உன்கூடச் சண்டைக்கே வரமாட்டேன்!”

“பேச்சு மாறக்கூடாது!”

கடப்பாரை சடாரென்று உள்ளே போயிற்று. கல் பொலபொலவென்று சரிந்து, ஒரு தலை நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது.

கானியோ அதில் முகத்தைப் புதைத்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தான். அந்தப் பக்கமும் இருட்டாகத்தான் இருந்தது; அங்கேயும் புளித்த சாற்றின் வாடைதான். பொழுது சாய்ந்துவிட்டதோ?

துளை வழியாக ஒரு கை வந்து அவன் கன்னத்தைத் தடவியது. பிறகு சட்டைக் காலரை இறுகப் பற்றிக்கொண்டது. ஜெரார்தோ விம்மி விம்மி அழுதான்.

“நல்லா இருப்படா நீ! நல்லா இருப்ப! வெளிய மழை விட்டுடுச்சா?”