பேர் சொல்லி

“பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா.”

சொல்லிவிட்டு நர்ஸ் சலைன் பாட்டிலைப் பார்த்தாள்.

தாய் மகனின் காதருகே குனிந்தாள்.

“எய்யா...”

தலைக்கட்டுக்குக் கீழே அவன் முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் மழையில், பைபாஸ் பாலத்தில் வண்டி சறுக்கிவிட்டது. அதன்பிறகு அவன் கண் திறக்கவில்லை.

“எய்யான்னு எல்லாப் பிள்ளையையும்தான் கூப்பிடுவாங்க. பேரைச் சொல்லுங்க. தெரிஞ்ச குரல்ல பேரைக் கேட்டா சிலருக்கு விரல் அசையும்.”

தெரிந்த குரல்தான்.

ஆனால் அந்தக் குரலில் அந்தப் பெயரை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அது அவளுடைய மாமனாரின் பெயர்.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைக்க வேண்டும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இரண்டையுமே அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாமனாரே காதில் பெயரைச் சொன்னார். காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் வேலி கட்டிக் காத்த சாமியோட பேரு என்று, சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார். எல்லாரும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

ஊருக்கே தெரிந்த அந்தச் சாமியின் கோயிலும் அவளுக்கு “டவுன் கோயில்” ஆனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெயர் கேட்டார்கள். “நீயே சொல்லுய்யா” என்று பிள்ளையை முன்னால் தள்ளினாள்.

ஆனித் தேர்க் கூட்டத்தில் ஒருமுறை அவன் தொலைந்துபோனான். எய்யா, எய்யா என்று கத்திக்கொண்டே ரத வீதியில் ஓடினாள். யார் யார் பிள்ளைகளோ திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் அழுதுகொண்டே ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தான்.

வளர்ந்த பிறகு அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

“ஒரே ஒரு தடவ சொல்லும்மா. தாத்தா தூங்குதாங்க.”

அவள் கரண்டியை ஓங்குவாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான்.

நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

கணவன் மஸ்கட்டில் விமானத்துக்குக் காத்திருந்தான். மாமனார் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார். காலையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கியதிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு சொன்னாள்.

“நெல்லையப்பா.”

வேறு யாரோ சொன்னது போலிருந்தது.

“நெல்லையப்பா... அம்மா கூப்பிடுதேன்.”

“என்னம்மா?”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அவள் கைக்குள் இருந்த விரல்கள் அப்படியே கிடந்தன.

திரை விலகியது. மாமனார் நின்றார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவருடைய அண்ணன். அண்ணன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெயரைக் கேட்டதும், அரைத் தூக்கத்தில் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

“மன்னிச்சிருங்க மாமா.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலருகே வந்தார். பேரனின் வெளியே தெரிந்த காலைப் போர்வையால் மூடினார்.

“நல்லாச் சத்தமாக் கூப்பிடும்மா,” என்றார். “நான் பதில் சொல்ல மாட்டேன்.”

அவள் கூப்பிட்டாள்.

பெரியவர் தோள் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டார்.

அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.