எகிறிய பில்

"எஸ்டிமேட் ஒண்ணு, பில் ஒண்ணா? என்னைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரி இருக்கா?"

அந்த அம்மாள் பில்லை மேஜையில் அடித்த வேகத்தில் கான்ட்ராக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்படி இல்லம்மா... சமையலறையில பழைய டைல்ஸைப் பேத்ததும் சுவத்துப் பூச்சு மொத்தமும் பொலபொலன்னு கொட்டிடுச்சு. உள்ள பைப் வேற ஒழுகிட்டிருந்தது."

"அதை எஸ்டிமேட் போடும்போதே பார்க்கிறதுக்கென்ன?"

"சுவத்தை உடைக்காம உள்ள இருக்கிறது எப்படிம்மா தெரியும்?"

"சரி, உடைச்ச அன்னைக்கே ஒரு ஃபோன் பண்ணியிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?"

கான்ட்ராக்டர் விடவில்லை.

"ஃபோன் பண்ணாதது என் தப்புதாம்மா. அதுக்காக, பூச்சு வேலைக்குக் கூலி வேண்டாம், பொருளுக்கு மட்டும் கொடுங்க. ஒழுகின பைப்பைப் படம் எடுத்து வெச்சிருக்கேன், நீங்களே பாருங்க!"

அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். பிறகு சட்டென்று கைதட்டினார்.

"அசத்திட்டீங்க! நாளைக்கு அந்த வீட்டம்மாகிட்ட இதே மாதிரி பேசுங்க, பணம் தானா வந்துடும்!"

சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றி, அதற்குச் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் கணவரின் சட்டைப்பையில் செருகினாள் மனைவி.

"அப்பாடா, ஒத்திகை முடிஞ்சுதா?" என்று துள்ளி எழுந்தார் கான்ட்ராக்டர்.

"இருங்க, கடைசியா ஒரே ஒரு கேள்வி. நம்ம வீட்டு பாத்ரூம் கதவு ஒத்தைக் கீல்ல தொங்கிட்டிருக்கே, அதுக்கு எப்ப எஸ்டிமேட் போடப் போறீங்க?"

கான்ட்ராக்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனார்.