சாஃப்ட்பாக்ஸுக்குத் தெரியாத தழும்பு

ஒரு ஸ்டுடியோவில், விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்று இருந்தது. தன் வெளிச்சம் பட்டால் எந்த முகமும் அழகாகிவிடும் என்று அதற்கு ஏகப்பட்ட தலைக்கனம். மூலையில் கிடந்த, விளக்கில் மாட்டும் வெள்ளி நிறக் குடையிடம், "சுருக்கத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கிற உன்னை யாருப்பா கூப்பிடுவாங்க?" என்று சீண்டும்.

ஒருநாள் மீன் விற்கும் செல்லக்கிளி வந்தாள். வார்டு தேர்தலில் நிற்கிறாள். நோட்டீஸில் போடப் படம் வேண்டும். சாஃப்ட்பாக்ஸ் தன் திறமையெல்லாம் காட்டியது.

படத்தைப் பார்த்த செல்லக்கிளி பதறினாள். "இது யாருங்க? எங்க தெருக்காரங்களே எனக்கு ஓட்டுப் போட மாட்டாங்களே!"

போட்டோகிராபர் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குடையை மாட்டினார். நெற்றிச் சுருக்கமும் புருவத்துத் தழும்பும் பளிச்சென்று விழுந்தன.

"ஆங், இதுதான் நான்!" என்று சந்தோஷமாகக் கிளம்பினாள் செல்லக்கிளி.

குடை தயங்கிக் கேட்டது: "கோபமாண்ணே?"

"கோபம் என்ன கோபம்! அவ்வளவு பக்கத்துல நின்னு வெளிச்சம் போட்டேன். அந்தம்மாவுக்குத் தழும்பு இருக்கிறதே இப்பத்தான் தெரியுது," என்று தன்னை நினைத்தே சிரித்தது சாஃப்ட்பாக்ஸ். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டது: "ஆமா, நம்ம போட்டோகிராபர் எப்பலேர்ந்து மீசை வெச்சிருக்காரு?"