திறந்துகொண்ட தட்டு

மாமியாரை எரித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று செண்பகவல்லியின் அண்ணன்தான் சோறும் ரசமும் கொண்டுவந்து தட்டுகளில் பரிமாறி மூடிவைத்தான். ஆளாளுக்குத் தட்டின் விளிம்பில் விரல் வைத்தார்கள். நாடி பார்த்து, மனம் கலங்கியவர்களுக்குச் செரிக்காதென்று மூடியே இருந்துவிடும் தட்டுகள் அவை. ஒன்றும் திறக்கவில்லை.

செண்பகவல்லியின் தட்டு மட்டும் திறந்தது.

காலையில் அவளும்தான் வாய்விட்டு அழுதாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவிக்கு வருடக்கணக்கில் பீ, மூத்திரம் அள்ளியவளும் அவள்தான். ரச வாசனைக்கு வயிறு இரைந்தது.

"சாப்பிடுங்க மதினி. ஒங்களுக்குத்தான் மனசு குளுந்து கெடக்கே" என்றாள், அன்றுதான் ஊரிலிருந்து வந்திறங்கிய நாத்தனார்.

கணவன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லி மூடியை இழுத்து அமுக்கினாள். பசியை அடக்கவிடாத தட்டு, அமுக்க அமுக்கத் திறந்துகொண்டே இருந்தது.