காந்தாவின் ஒப்பாரி

திரையில் முசரவாக்கம் காந்தா தலைவிரி கோலத்தில் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். எதிரே மாலையோடு கிடந்தார் அவள் புருஷன் துரைக்கண்ணு. திரைக்குக் கீழே நாலு வயலின்காரர்கள் அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். சாயங்காலம் இதே காஞ்சிபுரத்து மண்டபத்தில் கச்சேரி.

கச்சேரியை நடத்தும் கீர்த்தி வீடியோவை நிறுத்தினாள். "கடைசி அடி மட்டும் சரியில்லக்கா. இன்னொரு தபா பாடிடுங்க."

"எதிர்ல மனுஷன் கிடந்தாதாம்மா எனக்கு வார்த்தை வரும். மறுபடியும் அவரை அந்தக் கோலத்துல பாக்க என்னால முடியாது" என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காந்தா.

"அந்த அடி இல்லன்னா பாட்டே நிக்காதுக்கா."

"அப்படி இன்னாம்மா தப்பு?"

கீர்த்தி படத்தைப் பெரிதாக்கினாள். துரைக்கண்ணுவின் மூடிய கண்ணோரம் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

காந்தா பின்னால் திரும்பிக் கத்தினாள். "யோவ்! பொணமா படுன்னா அழுதுக்கினு இருக்கியா?"

கடைசி வரிசையில் போண்டா தின்றுகொண்டிருந்த துரைக்கண்ணு எழுந்து நின்றார். "நான் இன்னா பண்ணுவேன்? 'என் தங்கமே'ன்னு பாடுனியே. கல்யாணம் ஆன நாளா ஒரு தபா அப்படிக் கூப்ட்டிருக்கியா?"

மண்டபமே சிரித்தது. காந்தா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அப்படியே இருக்கட்டும்மா" என்றாள் கீர்த்தியிடம். "என் தங்கம் உயிரோடதான் இருக்குதுன்னு பாக்கறவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."