கழுத்தளவு தண்ணீர்

கண்காட்சியில் சனம் பிறின்ஸின் கண்ணாடிப் பெட்டியைத்தான் மொய்த்தது. உள்ளே உள்ளங்கையளவு வாவி. கழுத்தளவு தண்ணீரில் ஒரு கையை உயர்த்தியபடி விரல்நீள மனிதன்.

“தொட்டா விரல் நனையும் போல கிடக்கு” என்றாள் தனுஷா.

பிறின்ஸ் பெருமையாகச் சிரித்தான். “ரெசின் அக்கா. ஊத்தினா ஒரு நாளில இறுகிரும்.”

அவள் குனிந்து பார்த்தாள். “மணிக்கட்டில என்ன மஞ்சளா?”

“ஏதோ நூல். நான் கண்டதைத்தான் செய்வன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

“எங்க கண்டீங்க?”

“போன வருசம் பாலத்தடியில ஒராள் மூழ்கிச் செத்தவரெல்லோ? கரையில நிண்டு முழுக்க வீடியோ எடுத்தன். அலை, கை, முகம் எல்லாம் அதைப் பார்த்துத்தான்.”

“உங்களுக்கு நீந்தத் தெரியாதா?”

“வாவிக்கரையில பிறந்தவனிட்டக் கேக்கிற கேள்வியா அக்கா இது?”

தனுஷா கண்ணாடியில் விரலை வைத்தாள். அம்மன் கோயில் சடங்குக்காகப் போன வருடம் அந்த நாள் காலை புருசனுக்கு அவள் கட்டிவிட்ட காப்புநூல். அவள் போட்ட இரட்டை முடிச்சுக்கூடப் பிசகவில்லை.

காப்பாற்றக் கரையில் ஒரு குருவியும் இருக்கவில்லை என்று சொல்லித்தான் ஒரு வருடமாக ஊர் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தது.