டப்பாவில் இல்லாத சீட்டு

"இன்னைக்கும் தெருக்கோடிக் கடை வரல பாத்தியா? நான் அப்பவே சொல்லல?"

டைப்பிஸ்ட்டின் காதில் வக்கீலம்மா முணுமுணுத்தாள்.

அவள் வக்கீல் எல்லாம் கிடையாது. பில் போடும் கிளார்க். எங்கே யாருக்கு அநியாயம் நடந்தாலும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் ஆபீஸ் வைத்த பெயர்.

ஆபீஸ் இருந்த தெருவில் பத்தடிக்கு ஒரு நாட்டுச் சாப்பாடு. ஒரு கடையில் குச்சியால் சாப்பிட வேண்டும், அடுத்த கடையில் கையால், அதற்கடுத்ததில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் செக்ஷனே ஒன்றாகச் சாப்பிடப் போகும். எங்கே போவது என்பதில் சாப்பாட்டு நேரமே தீர்ந்துவிடும். கடைசியில் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைப் பெயர்களைச் சீட்டில் எழுதி, காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, அவரே ஒன்றை எடுப்பார். வந்த கடைக்குப் போயாக வேண்டும். மறுபேச்சே கிடையாது.

மொத்தம் பன்னிரண்டு கடை. தெருக்கோடிக் கடை மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம் புதிதாகத் திறந்த கடை அது. பாவம், பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் மேனேஜர் மீட்டிங் போன நேரம் பார்த்து வக்கீலம்மா டப்பாவைக் கவிழ்த்தாள். பதினொரு சீட்டுதான். அவளே பச்சை மையில் எழுதிப் போட்ட தெருக்கோடிக் கடைச் சீட்டைக் காணோம். இன்னொன்று எழுதிப் போட்டாள். அதுவும் மாயம். மூன்றாவதை மேனேஜர் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

நேரே அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"அந்தக் கடைக்காரங்க உங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணாங்க?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கலம்மா."

"சாப்பாடு ஒத்துக்கலயா, ஆளுங்க ஒத்துக்கலயா?"

அவர் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

விடுவாளா? தலைமை ஆபீசுக்குப் புகார் தயாரானது. முதல் வரியே சூடு: 'இவர் மனிதர்களில் உயர்வு தாழ்வு பார்ப்பவர்.'

டைப்பிஸ்ட் கையெழுத்துப் போடத் தயங்கினாள். "ரிட்டயர் ஆக நாலு மாசம்தான் இருக்கு அவருக்கு. இது மேல போனா விசாரணை அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. மனுஷன் கெட்ட பேரோட வீட்டுக்குப் போகணுமே."

"போகட்டும். மனுஷனை மனுஷனா மதிக்கத் தெரியாதவருக்கு அதான் மரியாதை."

"உங்க அப்பா வயசுதானே அவருக்கும்..."

"எங்க அப்பாவை இதுல இழுக்காத. அவரை நான் ராஜா மாதிரி வச்சிருக்கேன். ஒரு துரும்பைக் கிள்ளிப் போட விடறதில்ல. பகல் பூரா லைப்ரரிதான். நடுவுல வேலைக்குப் போறேன்னு ஆரம்பிச்சார், போட்டேன் ஒரு சத்தம்!"

அவள் போட்ட சத்தத்தில் டைப்பிஸ்ட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வக்கீலம்மா கும்பலோடு போகவில்லை. கடைக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் மூன்று மணித் தபாலில் சேர்த்துவிடலாம். விறுவிறுவென்று தெருக்கோடிக்கு நடந்தாள்.

சின்னக் கடை. ஆறே மேஜை. முதலாளி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களுக்காகத்தான் போராடுறோம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் பேச வரும், படிக்க வராது. இது யாரைப் பத்தி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டும் கையில் எச்சில் தட்டுகளுமாக ஒருவர் வந்தார். அவளைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். முதுகைத் தெரியாதா அவளுக்கு?

"அப்பா!"

"நீயா?" தட்டுகள் கடகடவென்று ஆடின. "வெள்ளிக்கிழமை இந்தப் பக்கமே கூட்டிட்டு வர மாட்டேன்னு உங்க சார் வாக்குக் கொடுத்தாரேம்மா!"

இழுத்துப் போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"புதுக் கடைன்னு ருசி பாக்க வந்தவர் கண்ணுல பட்டுட்டேன். உன்னோட முன்னாடியே என்னைப் பாத்திருக்காரே. நான்தான் கெஞ்சிக் கேட்டேன், உங்கிட்ட சொல்லிடாதீங்கன்னு." அப்பா குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குதும்மா. நீ என்ன சொன்ன? எச்சில் தட்டுத் தூக்கறவர் பொண்ணுன்னு சொன்னா ஆபீஸ்ல தலை காட்ட முடியாதுன்னு சொன்னியே... அதான்."

அவள் தலை நிமிரவில்லை. பச்சை மைச் சீட்டு மூன்றும் யாருக்காக மேனேஜர் சட்டைப்பைக்குள் போயின என்று நினைத்தபோது கண் கலங்கியது.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. திறந்த பேனாவோடு இன்னும் காத்திருந்தார்.

"அம்மா, இது யாரைப் பத்தின புகார்னு நீங்க சொல்லவே இல்லையே?"

வக்கீலம்மா கடிதத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"என்னைப் பத்திதாங்க" என்றாள்.